பூவும் தலையும்: ரோமானிய நாணயத்தின் அரசியல் பேச்சைப் படிக்கும் முறை

ரோமப் பேரரசர் நெர்வாவின் வெள்ளிக் காசு ஒன்றில் இரண்டு கைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் 'படைகளின் ஒற்றுமை' என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கொலையுண்ட டொமிஷியனுக்குப் பின் கி.பி. 96இல் முதிய வயதில் ஆட்சிக்கு வந்த நெர்வாவுக்குப் படையினரிடம் செல்வாக்கு இருக்கவில்லை. மறு ஆண்டே அரண்மனைக் காவற்படை அவரைச் சூழ்ந்துகொண்டு, டொமிஷியனைக் கொன்றவர்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு மிரட்டிப் பணியவைத்தது. ஒற்றுமை குலைந்து கிடந்ததால்தான் ஒற்றுமையைக் காசில் அடித்து ஊரெங்கும் அனுப்ப வேண்டியிருந்தது என்பதை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும்போதே புரிந்துகொள்ள முடிகிறது.

ரோமானிய நாணயங்களைப் படிக்கப் புகுவோர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இதுவே: இந்தச் செய்தியை, இந்த ஆண்டில், இவர் ஏன் சொல்ல வேண்டியிருந்தது? தெய்வங்களின் பெயர்களும் சுருக்கெழுத்துகளும் பழகப் பழகத் தாமே மனத்தில் பதிந்துவிடும். கேள்வியை விட்டுவிட்டால், எத்தனை பெயர்கள் தெரிந்தாலும் காசு வெறும் படமாகவே நின்றுவிடும்.

முதலில் உலோகம்

படத்தைப் பார்ப்பதற்கு முன் காசின் உலோகத்தையும் அளவையும் பாருங்கள். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து முறைப்படி ஆரியஸ் எனப்பட்ட ஒரு பொற்காசு 25 வெள்ளித் தெனாரியஸ்களுக்குச் சமம். ஒரு தெனாரியஸ் 4 செஸ்டெர்டியஸ்களுக்கு, அல்லது 16 செப்பு ஆஸ்களுக்குச் சமம். பொற்காசின் எடை ஏறத்தாழ 7.8 கிராம், வெள்ளிக் காசினுடையது ஏறத்தாழ 3.9 கிராம். பித்தளையில் அடித்த செஸ்டெர்டியஸ் 25 கிராம் அளவுக்குக் கனத்து, உள்ளங்கையில் வைத்தால் பதக்கம் போலத் தோன்றும். லீஜியன் படைவீரரின் ஆண்டு ஊதியம் அப்போது 225 தெனாரியஸ். ஆகவே பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் படைமுகாம் வழியாகவே புழக்கத்துக்குள் நுழைந்தன. செம்பும் பித்தளையும் சந்தையில் கைமாறின. படைத்தலைவர்களுக்குச் சொல்ல விரும்பியதைப் பொன்னிலும், ரோம நகரத்து மக்களுக்குச் சொல்ல விரும்பியதைப் பித்தளையிலும் அடிக்கும் போக்கு சில ஆட்சிகளில் தெளிவாகவே தெரிகிறது.

செஸ்டெர்டியஸின் அகன்ற பரப்பு அச்சு வெட்டுவோருக்கு வாய்த்த நல்ல இடம். நீரோவின் செஸ்டெர்டியஸில் ஆஸ்டியா துறைமுகமே மேலிருந்து பார்ப்பது போல் கப்பல்களோடு விரிகிறது, கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தை டைட்டஸின் செஸ்டெர்டியஸில் உள்ளே நிறைந்திருக்கும் கூட்டத்தோடு காணலாம். பித்தளை, செப்புக் காசுகளில் பெரிதாக நிற்கும் எஸ்.சி. என்ற இரண்டு எழுத்துகள் 'செனட்டின் ஆணைப்படி' என்பதன் சுருக்கம். காசடிப்பில் செனட்டுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. ஆனால் செனட்டுக்கு மதிப்பு அளிப்பதாகப் பேரரசர் காட்டிக்கொண்டதை அந்த எழுத்துகள் தெளிவாகச் சொல்கின்றன.

உலோகத்தின் தூய்மையும் ஒரு செய்திதான். அது ஆட்சியாளர் சொல்ல விரும்பாத செய்தி. கி.பி. 64இல் நீரோ தெனாரியஸின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தார். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் அதில் பாதியளவே வெள்ளி இருந்தது. படம் வளத்தைப் பாட, உலோகம் வறுமையைச் சொல்லும் காசுகள் மூன்றாம் நூற்றாண்டில் மலிந்துவிடுகின்றன.

தலைப்பக்கம்

பூவா தலையா என்று சுண்டிப் பார்க்கும் நமக்குத் தலைப்பக்கத்தில் ஆள்பவரின் தலை இருப்பது இயல்பாகத் தோன்றும். ரோமக் குடியரசில் அப்படி இருக்கவில்லை. கி.மு. 211ஐ ஒட்டித் தொடங்கிய தெனாரியஸில் ரோமாதேவியின் தலையே இடம்பெற்றது. பின்னர் ஆண்டுதோறும் பொறுப்பேற்ற இளம் நாணய அதிகாரிகள் தம் குலத்தின் முன்னோரையும் தம் குலதெய்வங்களையும் பொறிக்கலாயினர். தேர்தலில் நிற்கவேண்டிய இளைஞர்களுக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைக்காது. கி.மு. 54இல் அந்தப் பொறுப்பில் இருந்த மார்க்கஸ் புரூட்டஸ், ஒரு காசில் சுதந்திர தேவியின் தலையையும், மறுபக்கத்தில் மன்னராட்சியை ஒழித்தவராகப் போற்றப்பட்ட தம் மூதாதை லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ் காவலர் சூழ நடந்து செல்வதையும் அடித்தார். முன்னோரைப் பற்றிய பெருமையாக அன்று தோன்றிய இந்தப் படம் பத்தாண்டுகளில் வேறு பொருள் கொண்டது.

கி.மு. 44 தொடக்கத்தில் ஜூலியஸ் சீசரின் தலை ரோமில் அடித்த காசுகளில் ஏறியது. உயிரோடிருக்கும் ரோமர் ஒருவரின் முகம் அந்நகரத்துக் காசில் வருவது அதுவே முதன்முறை. சில காசுகளில் 'வாழ்நாள் சர்வாதிகாரி' என்ற பட்டமும் முகத்தைச் சுற்றி இருந்தது. பின்பக்கத்தில் சீசரின் குலமுதல்வியாகச் சொல்லப்பட்ட வீனஸ் தேவி, வெற்றித் தேவதையை ஏந்தி நின்றாள். முகம், பட்டம், தெய்வ வம்சம் ஆகிய மூன்றையும் ஒரே காசில் கூட்டிப் பார்த்த செனட்டர்களுக்கு மன்னன் என்ற சொல்லைத் தனியே எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மார்ச் 15 அன்று சீசர் குத்திக் கொல்லப்பட்டார்.

கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 42இல் கிழக்கே படை திரட்டிக்கொண்டிருந்தபோது, முகாமோடு நகர்ந்த அச்சுக்கூடத்தில் அடித்த தெனாரியஸ், அரசியல் காசுகளில் மிகவும் புகழ்பெற்றது. பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள். அவற்றின் நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் கூம்புத் தொப்பி. கீழே 'மார்ச் மாதத்து ஐட்ஸ் நாள்' என்பதன் சுருக்கம், அதாவது மார்ச் 15. கொலை என்ற சொல்லும் இல்லை, சீசர் என்ற பெயரும் இல்லை. ஆயுதம், அதன் பயன், நாள் ஆகிய மூன்றும் போதுமாயின. இந்தக் காசின் தலைப்பக்கத்தைப் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். அங்கே இருப்பது புரூட்டஸின் முகம். காசில் தன் முகத்தைப் பொறித்த ஒருவரைக் கொன்றதைக் கொண்டாடும் காசிலேயே, உயிரோடிருந்த புரூட்டஸ் தம் முகத்தையும் பொறித்துக்கொண்டார். படைவீரருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பது தெரியவேண்டிய காலம் வந்துவிட்டிருந்தது.

முகத்தை உருவச்சித்திரமாக எண்ணிவிடாதீர்கள். எழுபது வயதைக் கடந்து வாழ்ந்த அகஸ்டஸ் காசுகளில் கடைசிவரை இளைஞராகவே இருக்கிறார். நீரோவின் பகட்டுக்குப் பின் வந்த வெஸ்பாசியனோ வழுக்கைத் தலை, தடித்த கழுத்து, சுருக்கம் விழுந்த நெற்றி ஆகியவற்றோடு உழவரைப் போலத் தோன்றுகிறார். நான் சிக்கனக்காரன், உழைப்பாளி என்பதை அந்த முகமே சொல்லிவிடுகிறது. டயோக்ளீஷியனும் அவருடைய ஆட்சிக் கூட்டாளிகளும் வேறுபாடு காண முடியாத ஒரே சதுர முகத்தைப் பகிர்ந்துகொள்வதும் தற்செயல் அன்று. பேரரசை நால்வர் பகிர்ந்து ஆண்ட அந்த ஆட்சியில் தனியொருவரின் முகம் முன்னே வரக்கூடாது என்பதே அதன் உட்பொருள்.

தலையில் இருப்பதையும் பாருங்கள். வாகை மாலை வெற்றித் தலைவரைக் குறிக்கும். கதிர் வீசும் முடி, நீரோ காலம் முதல், இரண்டு ஆஸ் மதிப்புள்ள காசை ஒரு ஆஸிலிருந்து பிரித்துக் காட்ட உதவியது, கி.பி. 215இல் கராகல்லா வெளியிட்ட புதிய வெள்ளிக் காசிலும் அது இரட்டை மதிப்பின் அடையாளமாயிற்று. மணிகள் பதித்த தலைப்பட்டை கான்ஸ்டன்டைன் காலத்தில்தான் நிலைபெறுகிறது. முந்தைய ரோமர் அதை மன்னராட்சியின் சின்னமாக வெறுத்தனர்.

எழுத்துகளை வாசித்தல்

எழுத்துகள் பெரும்பாலும் காசின் இடது கீழ்ப்பகுதியில் தொடங்கிக் கடிகார முள் செல்லும் திசையில் ஓடும். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. யு எழுத்துக்குப் பதில் வி இருக்கும். நீண்ட பட்டங்கள் சுருக்கங்களாகச் சுருண்டு கிடப்பதால் முதலில் மலைப்பாக இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பன்னிரண்டு சுருக்கங்களே. ஐ.எம்.பி. என்பது வெற்றித் தளபதி என்ற பொருளில் தொடங்கிப் பேரரசரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட இம்பெராத்தோர். ஏ.வி.ஜி. என்பது அகஸ்டஸ். பி.எம். என்பது தலைமைப் பூசாரி, சி.ஓ.எஸ். என்பது ஆண்டுதோறும் இருவர் வகித்த தலைமை ஆட்சியாளர் பதவியான கான்சல் பதவி, பி.பி. என்பது தாயகத்தின் தந்தை. டி.ஆர்.பி. என்பது மக்கள் காவலர் அதிகாரம் (தொலைக்காட்சிக்காரர்களின் டி.ஆர்.பி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). இந்த அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு எண்ணிடப்பட்டதால், இதை அடுத்து வரும் எண்ணைக் கொண்டு காசின் ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். கான்சல் பதவியின் எண்ணும் அதற்குத் துணைசெய்யும். ஆண்டு தெரிந்தால்தான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்க முடியும். எனவே இந்த எண்களைத் தேடும் பழக்கத்தை முதல் காசிலிருந்தே வளர்த்துக்கொள்வது நல்லது.

டி.ஐ.வி.ஐ. எஃப். என்ற சுருக்கத்துக்கு 'தெய்வமானவரின் மகன்' என்று பொருள். சீசர் இறந்தபின் தெய்வமாக்கப்பட்டதால் அவருடைய தத்துப்பிள்ளை அகஸ்டஸ் இதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். இதை மிகத் துணிச்சலாகக் கையாண்டவர் செப்டிமியஸ் செவெரஸ். உள்நாட்டுப் போரில் ஆட்சியைக் கைப்பற்றிய அவர், இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்த மார்க்கஸ் ஆரேலியஸின் மகனாகக் கி.பி. 195இல் தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டு, அதைக் காசிலும் அடித்தார். தங்களுக்கு ஒரு தந்தை கிடைத்ததற்கு வாழ்த்துகள் என்று ஒருவர் அவரிடம் குத்தலாகச் சொன்னதை வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ பதிவு செய்திருக்கிறார்.

ஒரே ஒரு எழுத்துகூட அரசியல் பேசும். ஏ.வி.ஜி. என்பதில் ஜி இரண்டு முறை வந்தால் இரண்டு பேரரசர்கள், மூன்று முறை வந்தால் மூவர். கி.பி. 286இல் ரோமக் கடற்படைத் தலைவர் கராசியஸ் பிரிட்டனைக் கைப்பற்றித் தம்மைப் பேரரசராக அறிவித்தார். டயோக்ளீஷியனும் மாக்சிமியனும் அவரை ஏற்கவில்லை. ஆனால் கராசியஸின் காசுகளில் மூன்று ஜி-களோடு 'பேரரசர் மூவரின் அமைதி' வருகிறது. இன்னொரு காசில் மூன்று தலைகள் அருகருகே நிற்க, 'கராசியஸும் அவருடைய சகோதரர்களும்' என்ற வாசகம் வருகிறது. அந்தச் சகோதரர்கள் அவரை ஒழிக்கக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கி.பி. 293இல் கராசியஸ் தம் அதிகாரி ஒருவராலேயே கொல்லப்பட்டார். 296இல் மாக்சிமியனின் துணைப் பேரரசர் கான்ஸ்டான்டியஸ் பிரிட்டனை மீட்டார். கராசியஸின் காசுகளுக்கு மறுமொழி போல வந்த பொற்பதக்கத்தில், லண்டன் நகரம் ஒரு பெண்ணாக மண்டியிட்டு, குதிரைமேல் வரும் அவரை வரவேற்கிறது. வாசகம் 'என்றுமுள்ள ஒளியை மீட்டுத் தந்தவர்' என்கிறது. ஒரே தீவைப் பற்றி இரு தரப்பும் சொன்னதை அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும்.

பூப்பக்கம்

பின்பக்கத்தில் நிற்கும் அல்லது அமர்ந்திருக்கும் பெண்ணுருக்கள் பெரும்பாலும் நற்பண்புகளின் உருவகங்கள். முகத்தைப் பார்த்து இவர்களை அடையாளம் காண முடியாது. கோயில் சிற்பத்தில் சங்கும் சக்கரமும் கண்டு திருமால் என்று அறிவது போல, கையில் ஏந்தியிருப்பதைக் கொண்டே அறிய வேண்டும். ஒலிவக் கிளை ஏந்தினால் அமைதி. தொப்பியும் கோலும் இருந்தால் சுதந்திரம். அடிமையை விடுவிக்கும் சடங்கில் பயன்பட்ட பொருள்கள் அவை. கதிர்களும் தானியம் அளக்கும் மரக்காலும், சிலவேளைகளில் கப்பலின் முகப்பும் இருந்தால் அன்னோனா, அதாவது ரோமுக்கு வந்து சேரும் தானியம். எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல்கள் தடையின்றி வரும் என்ற வாக்குறுதி அது. பாம்புக்குக் கிண்ணத்தில் உணவூட்டுபவள் நலம். இந்தக் காசு கண்ணில் பட்டால், பேரரசர் அப்போது நோயிலிருந்தாரா, கொலைச் சதியில் தப்பினாரா என்று தேடிப் பார்ப்பது பயன் தரும். மலரை ஏந்தி உடையின் ஓரத்தைச் சற்றே தூக்கி நடப்பவள் நம்பிக்கை. வாரிசு அறிவிக்கப்படும்போது அடிக்கடி வருவாள். சுக்கானைப் பற்றியவள் நற்பேறு. போர்க்கொடிகளைப் பிடித்திருப்பவள் படையின் விசுவாசம். மூன்றாம் நூற்றாண்டில், பேரரசர்கள் தம் வீரர்கள் கையாலேயே வரிசையாக மாண்டபோது, இவள் எங்கும் காணப்படுகிறாள். தராசு ஏந்தியவள் நேர்மையாகவோ, காசடிப்பின் தெய்வமான மொனேட்டாவாகவோ இருக்கலாம். அவளைச் சுற்றியுள்ள எழுத்தே தீர்ப்புச் சொல்லும். காபிடோல் குன்றில் ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டியே ரோமின் அச்சுக்கூடம் இருந்தது. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் சொல்லும் அங்கிருந்தே வந்தது.

உருவகங்களைவிட நிகழ்ச்சிகளைக் காட்டும் காசுகள் எளிதில் பிடிபடும், ஏமாற்றுவதும் அவையே. கி.மு. 53இல் கர்ரே போரில், கிழக்கே ஈரானை ஆண்ட பார்த்தியர் கைப்பற்றிய ரோமப் போர்க்கொடிகளை கி.மு. 20இல் அகஸ்டஸ் திரும்பப் பெற்றார். அது போரால் வந்ததன்று, பேச்சுவார்த்தையால் வந்தது. காசிலோ பார்த்தியன் ஒருவன் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகிறான். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மற்றொரு காசில் ஒரு முதலையும் 'கைப்பற்றப்பட்ட எகிப்து' என்ற வாசகமும் உள்ளன. அந்தப் போரில் எதிரணியில் நின்றவர் ஆன்டனி என்ற ரோமர்; ரோமரோடு ரோமர் பொருத போரை அந்நிய நாட்டின் மீது பெற்ற வெற்றியாக மாற்ற ஒரு முதலை போதுமாயிருந்தது. காசில் யார் இல்லை என்பதையும் கேட்டுப் பழகுங்கள்.

ஒரே சின்னம் ஆட்சி மாறும்போது வேறு பொருள் கொள்வதும் உண்டு. யூதேயாவின் கிளர்ச்சியை அடக்கியபின் வெஸ்பாசியன் பேரீச்ச மரத்தடியில் அழுதபடி அமர்ந்திருக்கும் பெண்ணைக் காசில் அடித்தார். யூதர் மீது தனி வரியும் சுமத்தப்பட்டது. டொமிஷியன் அதைக் கடுமையாகத் தண்டினார். அவருக்குப் பின் வந்த நெர்வா, அந்த வரியின் பெயரால் நடந்த பொய்க்குற்றச்சாட்டுகளை நீக்கியதாக அறிவித்த செஸ்டெர்டியஸில் அதே மரம் தனியாக நிற்கிறது. அழும் பெண் இல்லை. ஹேட்ரியன் கி.பி. 118இல் 90 கோடி செஸ்டெர்டியஸ் வரி நிலுவையைத் தள்ளுபடி செய்தபோது, கடன் பத்திரக் குவியலுக்கு ஒருவன் தீப்பந்தம் வைக்கும் காட்சியைக் காசில் அடித்துத் தொகையையும் எழுதினார். எண்ணைக் குறிப்பிட்டுப் பேசும் காசு மிக அரிது. சொல்வது உண்மையாகவும் மக்களுக்குப் பிடித்ததாகவும் இருக்கையில் உருவகத்துக்கு வேலையில்லை.

வரிசையில் வைத்துப் பார்த்தல்

தனிக் காசு பாதி வாக்கியம்தான். முன்னும் பின்னும் வந்த காசுகளோடு வரிசைப்படுத்தினால் வாக்கியம் நிறைவுறும். இதற்கு நீரோவின் தொடக்க ஆண்டுகளை விடச் சிறந்த பயிற்சி இல்லை. கி.பி. 54இல் அவர் 16 வயதில் ஆட்சிக்கு வந்தபோது வெளியான பொற்காசில் அவரும் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்த்தபடி சமமாக இருக்கிறார்கள். ஆனால் முகங்களைச் சுற்றியிருப்பது தாயின் பெயரும் பட்டங்களும். மகனின் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. கி.பி. 55இல் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். நீரோ முன்னே, தாய் பின்னே பாதி மறைந்து. இப்போது முன்பக்கத்தில் மகனின் பெயர், பின்பக்கத்தில் தாயின் பெயர். அதற்குப் பிறகு ரோமின் பொன், வெள்ளிக் காசுகளில் அவள் இல்லை. கி.பி. 59இல் நீரோ தாயைக் கொல்வித்தார். அரண்மனைக்குள் நடந்த போட்டியை இரண்டு காசுகளும் ஒரு வெற்றிடமும் ஆண்டு வாரியாகச் சொல்லிவிடுகின்றன.

இவ்வாறே முந்தைய ஆட்சியைத் திருத்தி எழுதும் காசுகளையும் தேடலாம். நீரோ வீழ்ந்ததும் அடுத்து ஆட்சிக்கு வந்த கால்பா 'மக்களின் சுதந்திரம்' என்று அடித்தார். முன்பு இருந்தது அடிமைத்தனம் என்பதைச் சொல்லாமலே சொன்னார். இதற்கு நேர்மாறாக, சில காசுகள் வியப்பூட்டும் அளவுக்கு வெளிப்படையானவை. கி.பி. 41இல் கலிகுலா கொலையுண்டபின் காவற்படையினரே கிளாடியஸைத் தூக்கிச் சென்று பேரரசராக்கினர். அவர் ஒவ்வொரு வீரருக்கும் 15,000 செஸ்டெர்டியஸ் தருவதாக வாக்களித்தார். அவருடைய பொன், வெள்ளிக் காசுகள் சிலவற்றில் காவற்படை முகாமின் மதிலும் 'வரவேற்கப்பட்ட பேரரசர்' என்ற பொருளில் வாசகமும் உள்ளன. மற்றொன்றில் அவர் காவற்படை வீரருடன் கைகுலுக்குகிறார். ஆட்சி எங்கிருந்து வந்தது என்பதை இவ்வளவு திறந்து ஒப்புக்கொண்ட காசு, அதைப் பெற்றுக்கொண்ட வீரருக்காகவே அடிக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

எச்சரிக்கைகள்

எல்லாக் காசுகளுக்குப் பின்னும் ஒரு நெருக்கடியைக் காணத் துடிக்கும் ஆர்வம் இந்தத் துறையில் புதியவர்களைத் தவறாமல் பிடிக்கும். அமைதி, நற்பேறு, வெற்றி போன்ற உருவங்கள் பல ஆட்சிகளில் வழக்கம் காரணமாகவே அடிக்கப்பட்டன. ஓர் உருவம் திடீரென்று தோன்றினாலோ, அளவுக்கு மிஞ்சிப் பெருகினாலோ, பழகிய இடத்திலிருந்து காணாமற் போனாலோ மட்டும் அரசியல் காரணத்தைத் தேடுங்கள். வடிவங்களைப் பேரரசரே தேர்ந்தாரா, அதிகாரிகள் அவரை மகிழ்விக்கத் தேர்ந்தார்களா என்பதும் நெடுநாள் விவாதம். அகஸ்டஸ் தம் விதியில் கொண்ட நம்பிக்கையால் தம் மகர ராசியைக் காசில் அடித்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் ஸ்வெடோனியஸ் எழுதுவதால், சில முடிவுகளாவது மேலிடத்திலிருந்து வந்தன என்று கருதலாம்.

காசை யார் கவனித்தார் என்று கேட்போரும் உண்டு. வரி செலுத்துவது பற்றிய விவிலிய நற்செய்திக் கதை, காசிலுள்ள சுரூபமும் மேலெழுத்தும் யாருடையவை என்ற கேள்வியில்தான் திரும்புகிறது. மெய்யியலாளர் எபிக்டெட்டஸ், டிராஜனின் முத்திரை என்றால் வாங்கிக்கொள், நீரோவுடையது என்றால் எறிந்துவிடு என்ற உவமையைக் கையாள்கிறார். செவெரஸின் மகன் கராகல்லா தம் தம்பி கேட்டாவைக் கொன்று அவர் நினைவை அழிக்க ஆணையிட்டபோது, ஸ்ட்ராட்டோனிசியா போன்ற கிழக்கத்திய நகரங்களின் காசுகளில் கேட்டாவின் முகம் சுரண்டி அகற்றப்பட்டது. யாரும் பாராத முகத்தைச் சுரண்ட ஒருவர் உளியெடுக்கத் தேவையில்லை.

உண்மையான காசில்கூடத் தேய்ந்த எழுத்தை விற்பனைக்காகப் புதிதாக வெட்டித் திருத்தும் பழக்கம் இருப்பதால், சந்தையில் தனியே கிடைக்கும் ஒன்றை நம்பி விளக்கம் கட்ட வேண்டாம். அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் வைத்துள்ள பேரரசுக் கால நாணயத் தொகுப்பில் பேரரசர், உலோகம், வாசகம் ஆகியவற்றைக் கொண்டு தேடி, ஒரே வகையின் பல காசுகளை ஒப்பிடலாம். நம் ஊரில் மண்ணிலிருந்து காசு கிடைத்தால் தேய்த்துத் துலக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் மண்ணில் கிடைத்த ஒரு காசு

இந்த முறை முழுவதையும் ஒரு காசில் பழகிப் பார்க்க விரும்புவோர்க்குத் தமிழ்நாட்டிலேயே வாய்ப்பு உண்டு. ரோம எழுத்தாளர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்டியஸை உறிஞ்சிக்கொள்வதாகக் குறைப்பட்டுக்கொண்டார். மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக வந்த அந்தப் பணத்தில் ஒரு பகுதி கரூர், பொள்ளாச்சி, பூதிநத்தம் முதலிய இடங்களில் புதையல்களாகக் கிடைத்திருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் ரோமானியக் காசுத் தொகுப்பு உள்ளது. நம் பகுதியில் கிடைத்த தெனாரியஸ்களில் இரண்டு வகைகளே மிகுதி. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

உலோகம் நல்ல வெள்ளி. தலைப்பக்கத்தில் வாகை சூடிய இளமுகம். சுற்றிலும் 'சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், தாயகத்தின் தந்தை'. தாயகத்தின் தந்தை என்ற பட்டம் அகஸ்டஸுக்குக் கி.மு. 2இல் வழங்கப்பட்டது, ஆகவே காசு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்த இளமுகத்துக்கு உரியவரோ அப்போது அறுபதை எட்டிவிட்டவர். பூப்பக்கத்தில் ரோமக் குடிமகனின் மேலாடையான டோகா அணிந்த இரு இளைஞர்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூசைக்குரிய கரண்டியும் நிமித்தம் பார்ப்போரின் வளைந்த கோலும். வாசகம் அவர்களை அகஸ்டஸின் மக்கள், கான்சலாகக் குறிக்கப்பட்டோர், இளைஞரின் தலைவர்கள் என்கிறது. பெயர்கள் கையஸ், லூசியஸ். இவர்கள் மகள் வயிற்றுப் பேரர்கள், தத்தெடுக்கப்பட்டுப் பிள்ளைகளானவர்கள். படைக்கலம் போரையும், சடங்குப் பொருள்கள் சமயத்தையும், டோகா குடிமைப் பதவியையும் குறிக்க, வாரிசுகள் எல்லாத் துறைக்கும் ஆயத்தம் என்கிறது காசு. ஏன் அப்போது? முடியாட்சி என்ற பெயரையே ஏற்காத ஆட்சியில் வாரிசுரிமையைச் சட்டமாக எழுத முடியாது. ஆனால் படைவீரரின் பையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்படி படமாகப் போட்டுவிடலாம். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்தனர். அகஸ்டஸுக்குப் பின் ஆட்சி வளர்ப்பு மகன் டைபீரியஸுக்குப் போயிற்று. நம் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் இரண்டாவது வகை அவருடையது: கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண், 'தலைமைப் பூசாரி' என்ற வாசகம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தப் படத்தைப் பெரும்பாலும் மாற்றவே இல்லை.

கொங்கு நாட்டில் இந்தக் காசுகளை வாங்கியவர்களுக்குக் கையஸும் லூசியஸும் யார் என்பதில் அக்கறை இருந்திருக்க வழியில்லை; அவர்கள் பார்த்தது வெள்ளியின் தரத்தை. நீரோ வெள்ளியைக் குறைத்த கி.பி. 64க்கு முந்தைய காசுகளே இங்கே மிகுதியாக இருப்பதும் இந்த வகைகளைப் பார்த்து உள்ளூரில் போலிகள் அடிக்கப்பட்டதும் அதையே காட்டுகின்றன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். அவை இனிக் காசாக அன்றி வெறும் பொன்னாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பதற்கான வெட்டு அது என்பதே பரவலான விளக்கம். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை அத்தனை பேரின் நெற்றிக்கும் ஒரே வெட்டுத்தான்.